பூட்டு யார் கையில்?

நம் கெடாவின் பெண்டாங் பக்கம் வானிலைக்கு மரியாதை அதிகம். நெல் முற்றி, அறுவடை இயந்திரம் வயலில் இறங்கும் வாரத்தில் மழை பிடித்துக்கொண்டால் வீட்டுப் பெரியவர்கள் முகம் எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும். பால்மரம் சீவப் போகிறவர்களும் விடியற்காலையில் வானத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் கத்தியை எடுப்பார்கள். மரம் நனைந்திருந்தால் பால் கோப்பைக்குள் இறங்காமல் பட்டை முழுக்க வழிந்து வீணாகிவிடும்.

1997-இல் செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிய ஒரு விண்கலத்திலும் வானிலை பார்க்க ஒரு வேலையாள் இருந்தது. ஆள் என்றால் மனிதர் இல்லை, ஒரு சின்ன நிரல். அந்தக் கலத்தின் கணினிக்குள் வானிலைக்கு மரியாதை குறைவு. முக்கியமான வேலைகளெல்லாம் முன்னே நிற்க, அது பின்வரிசையில் நின்றது. அந்தப் பின்வரிசை வேலையின் கையில் ஒரு பூட்டு மாட்டிக்கொண்டது. அவ்வளவுதான், கணினி முழுவதும் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டு மறுபடி முதலிலிருந்து எழுந்தது. இப்படி ஒரு தடவை அல்ல, பல தடவை நடந்தது.

கலத்தின் பெயர் மார்ஸ் பாத்ஃபைண்டர். நாசாவுக்காகக் கலிபோர்னியாவிலுள்ள ஜெட் உந்துவிசை ஆய்வகம் செய்தது. 1996 டிசம்பர் 4-ஆம் தேதி புறப்பட்டு, ஏழு மாதம் பயணம் செய்து, மலேசிய நேரப்படி 1997 ஜூலை 5, நள்ளிரவு தாண்டி 12.57-க்குச் செவ்வாயில் இறங்கியது. இறங்கியது என்று மரியாதைக்குச் சொல்கிறேன். உண்மையில் விழுந்தது. சுற்றிலும் காற்றுப் பைகள் ஊதிக்கொள்ள, குறைந்தது 15 முறை துள்ளித் துள்ளி உருண்டுதான் நின்றது. தரையைத் தொட்ட செய்தி ரேடியோ அலையாகப் பூமிக்கு வந்து சேர்ந்தபோது நம் கடிகாரத்தில் மணி 1.07. இடைவெளி ஏறத்தாழ 19 கோடி கிலோமீட்டர். ஒளியின் வேகத்தில் வந்த செய்திக்கே பத்து நிமிடத்துக்கு மேல் பிடித்திருக்கிறது. அங்கே ஏதாவது கோளாறு என்றால் மெக்கானிக்கை அனுப்ப முடியாது. பொத்தானைத் தட்டிவிட்டு உடனே பதிலையும் எதிர்பார்க்க முடியாது.

கலத்துக்குள் ஒரு குட்டி ஊர்தியும் இருந்தது. ஆறு சக்கரம், எடை சுமார் 10 கிலோ, வேகம் விநாடிக்கு ஒரு சென்டிமீட்டர். ஆமைகூட முந்திவிடும். அதற்குச் 'சோஜர்னர்' என்று பெயர் கொடுத்தது 12 வயது மாணவி ஒருத்தி, ஒரு கட்டுரைப் போட்டி வழியாக. அந்த ஊர்தியைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது. ஆனால் நாம் பார்க்கப்போவது ஊர்தியை அல்ல, அதை வயிற்றில் சுமந்து வந்த கலத்தின் கணினியை.

அந்தக் கணினியில் ஒரே ஒரு செயலி. விநாடிக்கு 2 கோடித் துடிப்பு. கேட்கப் பெரிதாகத் தெரியும். உங்கள் அம்மாவின் கைப்பேசியில் துடிப்பு மட்டுமே அதைப்போல நூறு மடங்கு இருக்கும். நினைவகம் 128 மெகாபைட். இந்தச் சின்னக் கணினிதான் படம் பிடிக்க வேண்டும், பூமியோடு பேச வேண்டும், கருவிகளிலிருந்து தகவல் வாங்க வேண்டும், வெப்பத்தையும் காற்றையும் அளக்க வேண்டும். ஒரே செயலி என்பதால் ஒரு நொடித்துளியில் ஒரு வேலைதான் ஓடும். யார் ஓடுவது, யார் காத்திருப்பது என்று முடிவு செய்ய இயங்குதளத்தின் நடுவில் ஒரு பகுதி இருக்கிறது. அதற்குக் கெர்னல் என்று பெயர். பாத்ஃபைண்டரில் இருந்தது விண்ட் ரிவர் என்ற நிறுவனம் செய்த விஎக்ஸ்வொர்க்ஸ் இயங்குதளம். அது நிகழ்நேர இயங்குதளம்.

நிகழ்நேரம் என்றால் படு வேகம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். வேகம் அல்ல, தவணை தவறாமை. கார் மோதியதும் காற்றுப் பை கண் இமைப்பதற்குள் விரிய வேண்டும். சற்றுப் பொறுத்து, அழகாக, முழுமையாக விரிந்தது என்றால் யாருக்கு என்ன பயன்? வீட்டுக் கணினி ஒரு படத்தைத் திறக்க அரை விநாடி கூடுதலாக எடுத்தால் நாம் முணுமுணுப்போம், அதோடு சரி. நிகழ்நேரக் கணினியில் நேரம் தவறிய சரியான விடையும் தவறான விடைதான்.

அதனால் அங்கே ஒவ்வொரு வேலைக்கும் ஒரு முன்னுரிமை எண் உண்டு. முன்னுரிமை கூடிய வேலை வந்து நின்றால், குறைந்த வேலை எந்த நிலையில் இருந்தாலும் சரி, கெர்னல் அதை அப்படியே பாதியில் நிறுத்தி ஒதுக்கி வைக்கும். பெரிய வேலை முடிந்த பிறகு சின்ன வேலை விட்ட இடத்திலிருந்து தொடரும். விதி தெளிவாக இருக்கிறது. இதில் எப்படிச் சிக்கல் வரும்?

பூட்டு வந்தால் சிக்கல் வரும்.

இரண்டு வேலைகள் ஒரே தகவலைத் தொட வேண்டியிருந்தால், ஒன்று எழுதிக்கொண்டிருக்கும்போது இன்னொன்று கை வைக்கக் கூடாது. வைத்தால் பாதி பழைய எண்ணும் பாதி புதிய எண்ணும் கலந்துபோகும். அதனால் தொடுவதற்கு முன் பூட்டை எடுத்துக்கொள்ள வேண்டும், முடித்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். பூட்டு யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டுமே தகவலைத் தொடலாம். மற்றவர், எவ்வளவு பெரியவராக இருந்தாலும், காத்திருக்க வேண்டும்.

இதைப் படித்துப் புரிந்துகொள்வதைவிட விளையாடிப் புரிந்துகொள்வது எளிது. வகுப்பில் ஒரு நாற்காலி, ஒரு நோட்டுப் புத்தகம் போதும். இரண்டாம் ஆண்டுப் பிள்ளை ஒருவர், நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர், ஆறாம் ஆண்டுப் பிள்ளை ஒருவர். நாற்காலியில் உட்கார்ந்தால்தான் எந்த வேலையும் செய்யலாம். நாற்காலிதான் செயலி. மேல் ஆண்டுப் பிள்ளை வந்தால் கீழ் ஆண்டுப் பிள்ளை உடனே எழுந்துவிட வேண்டும். நோட்டில் எழுத ஆரம்பித்தவர் அந்த வாக்கியத்தை முடிக்கும்வரை நோட்டை யாருக்கும் கொடுக்கக் கூடாது. நோட்டுதான் பூட்டு. மூன்று விதிதான்.

இப்போது தொடங்குங்கள். இரண்டாம் ஆண்டுப் பிள்ளை உட்கார்ந்து நோட்டில் பாதி வாக்கியம் எழுதியாகிவிட்டது. நான்காம் ஆண்டுப் பிள்ளை வண்ணப் பென்சிலோடு வருகிறார். அவருக்கு நோட்டு வேண்டியதில்லை, படத்துக்கு வண்ணம் தீட்ட நாற்காலி போதும். விதிப்படி சின்னவர் நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு எழுந்து ஓரமாக நிற்கிறார். பிறகு ஆறாம் ஆண்டுப் பிள்ளை வருகிறார். அவசர வேலை. வண்ணம் தீட்டியவர் எழுந்துவிட, இவர் உட்கார்கிறார். ஆனால் இவருக்கு அந்த நோட்டு வேண்டும். நோட்டு சின்னவர் கையில். பாதி வாக்கியம் பாக்கி, கொடுக்க முடியாது. ஆறாம் ஆண்டு எழுந்து காத்திருக்க வேண்டியதுதான்.

நாற்காலி இப்போது காலி. யார் உட்காரலாம்? வேலை செய்யத் தயாராக இருப்பவர்களில் மேல் ஆண்டு யாரோ அவர். அதாவது நான்காம் ஆண்டு! அவர் நிதானமாக வண்ணம் தீட்டுகிறார். முடித்துவிட்டு எழுந்தால் இன்னொரு நான்காம் ஆண்டு உட்கார்கிறார். பிறகு மூன்றாமவர். சின்னவருக்கு நாற்காலி கிடைக்கவே இல்லை. நாற்காலி கிடைக்காததால் வாக்கியம் முடியவில்லை. வாக்கியம் முடியாததால் நோட்டு விடுபடவில்லை. நோட்டு இல்லாததால் ஆறாம் ஆண்டு நின்றுகொண்டே இருக்கிறார்.

என்ன நடந்திருக்கிறது என்று கவனியுங்கள். யாரும் விதியை மீறவில்லை. யாரும் குறும்பு செய்யவில்லை. ஆனாலும் வகுப்பிலேயே பெரியவர், தமக்குக் கீழே உள்ளவர்கள் வண்ணம் தீட்டி முடிப்பதற்காகக் காத்திருக்கிறார். அந்த வண்ணத்துக்கும் அவருடைய வேலைக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. மேல் கீழாகவும் கீழ் மேலாகவும் ஆகிவிட்டது. கணினி அறிஞர்கள் இதை முன்னுரிமைத் தலைகீழ் என்கிறார்கள். 1980-இலேயே பட்லர் லாம்ப்சனும் டேவிட் ரெடலும் ஓர் ஆய்வுக் கட்டுரையில் இந்த ஆபத்தைச் சுட்டிக்காட்டிவிட்டார்கள்.

பாத்ஃபைண்டரில் நடந்தது இதுவேதான். ஆறாம் ஆண்டுப் பிள்ளையின் இடத்தில் இருந்தது, கலத்தின் கருவிகளிலிருந்து வந்த தகவலைப் பிரித்துக் கொடுக்கும் பணி. மிக உயர்ந்த முன்னுரிமைகளில் ஒன்று அதற்கு. இரண்டாம் ஆண்டு இடத்தில் வானிலைப் பணி. நடுவில் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தவை நடுத்தர முன்னுரிமை கொண்ட வேறு பல பணிகள்.

கலத்துக்குள் கருவிகளும் கணினியும் ஒரு பொதுத் தகவல் பாதையில் பேசிக்கொண்டன. அந்தப் பாதை விநாடிக்கு எட்டுச் சுற்று ஓடியது. அதாவது ஒரு சுற்றுக்கு 125 மில்லிவிநாடி. ஒவ்வொரு சுற்றிலும் தகவலைப் பிரிக்கும் பணி தன் வேலையை முடித்திருக்க வேண்டும். அடுத்த சுற்றைத் தயார் செய்ய இன்னொரு பணி, ஒரு மேற்பார்வைப் பணி, எழும். அதற்கு இதைவிடவும் உயர்ந்த முன்னுரிமை. அது எழுந்ததும் முதலில், போன சுற்று வேலை முடிந்ததா என்று பார்க்கும். முடியவில்லை என்றால் ஏதோ பெரிய கோளாறு என்று முடிவு செய்து கணினியையே மறுதொடக்கம் செய்துவிடும். காரணம் கேட்பதெல்லாம் கிடையாது.

ஒரு நாள், வானிலைப் பணி தனக்குப் புதுத் தகவல் வந்திருக்கிறதா என்று இயங்குதளத்திடம் கேட்டது. கேட்பதற்காக இயங்குதளம் உள்ளுக்குள் ஒரு பூட்டை எடுத்தது. வேலை முடிந்து பூட்டைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்த அந்தக் கணத்தில், ஆம், கொடுத்துக்கொண்டிருந்த கணத்தில், நடுத்தரப் பணி ஒன்று வந்துவிட்டது. வானிலைப் பணி ஓரம் ஒதுங்கியது, பூட்டோடு. பிறகு தகவலைப் பிரிக்கும் பெரிய பணி எழுந்து, வானிலைக்கான புதிய அளவுகளை அனுப்பப் போனது. அதே பூட்டு வேண்டும். கிடைக்கவில்லை. நடுத்தரப் பணிகள் மாறி மாறி ஓடின. 125 மில்லிவிநாடி கடந்தது. மேற்பார்வைப் பணி எழுந்து பார்த்தது. வேலை முடியவில்லை. மறுதொடக்கம்!

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பூட்டை ஆய்வகத்துப் பொறியாளர்கள் எழுதவே இல்லை. அது விஎக்ஸ்வொர்க்ஸுக்குள் இருந்தது. ஒரு பணி இன்னொன்றுக்குத் தகவல் அனுப்ப உதவும் சாதாரண வசதி ஒன்றுக்குள் மறைந்திருந்தது. நீங்கள் கடையில் வாங்கிய பெட்டிக்குள் இன்னொரு சாவி இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

ஒவ்வொரு மறுதொடக்கத்திலும் அதுவரை சேர்த்த ஆய்வுத் தகவல் தொலைந்துபோகவில்லை. அந்த மட்டில் பிழைத்தார்கள். ஆனால் அன்றைக்குத் திட்டமிட்டிருந்த மிச்ச வேலைகள் அப்படியே நின்று, மறுநாளுக்குத் தள்ளிப் போயின. பத்திரிகைகள், கணினி ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்யப் பார்த்துத் திணறுகிறது என்ற மாதிரி எழுதின. அது பாதி உண்மைகூட இல்லை. கணினி திணறவில்லை. அதற்கு நேரம் இருந்தது, அந்த நேரம் போக வேண்டிய ஆளிடம் போகவில்லை.

ஆய்வகத்தில் கலத்தின் மென்பொருள் குழுவுக்குத் தலைவர் கிளென் ரீவ்ஸ். அவருடைய குழுவிடம் பூமியில் ஒரு மாற்றுக் கணினி இருந்தது, செவ்வாயில் இருப்பதைப் போலவே. இன்னொரு நல்ல காரியமும் அவர்கள் செய்து வைத்திருந்தார்கள். எந்தப் பணி எப்போது ஓடியது, எந்தப் பூட்டை யார் எப்போது எடுத்தார் என்று பதிவு செய்யும் துப்பறியும் வசதியை மென்பொருளிலேயே விட்டு வைத்திருந்தார்கள். சோதனை முடிந்ததும் இதையெல்லாம் கழற்றிவிடுவதுதான் பலருடைய வழக்கம். இவர்களோ எதைச் சோதித்தோமோ அதையே அனுப்ப வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார்கள். எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த இடம் இந்தப் பிடிவாதம்தான்.

செவ்வாயில் நடந்த அதே வேலைகளை மாற்றுக் கணினியில் ஓட விட்டு, பதிவையும் இயக்கிவிட்டுக் காத்திருந்தார்கள். 18 மணி நேரத்துக்குள் அதுவும் விழுந்தது. பதிவைப் புரட்டினால், பூட்டு வானிலைப் பணியின் கையில் இருப்பது கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தது.

புறப்படும் முன்பே இது தெரிந்திருக்க வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். பூமியில் சோதித்தபோதும் காரணம் தெரியாத மறுதொடக்கம் எப்போதாவது வந்திருக்கிறது. மறுபடி வரவழைத்துப் பார்க்க முயன்றால் வராது. இறங்கும்போது கலம் நொறுங்காமல் இருக்க வேண்டுமே என்ற பெரிய கவலை முன்னே நின்றதால், எப்போதாவது வரும் இந்தக் கோளாறு பின்னுக்குப் போய்விட்டது. (முன்னுரிமைச் சிக்கல் மனிதர்களுக்கும் உண்டு!) செவ்வாயில் அது அடிக்கடி வந்ததற்குக் காரணம் இன்னும் சுவையானது. எதிர்பார்த்ததைவிட எல்லாம் நன்றாக நடந்துவிட்டது. ரேடியோ இணைப்பு நினைத்ததைவிட அதிகத் தகவலை அனுப்பியது. அதனால் ஆய்வு வேலைகளும் கூடின. நடுத்தரப் பணிகளுக்கு ஓய்வே இல்லை. மோசமான நிலைமை எல்லாவற்றையும் சோதித்தவர்கள், கற்பனைக்கு மீறிய நல்ல நிலைமையைச் சோதிக்கவில்லை.

சரி, எப்படித் திருத்துவது? மறுபடி நாற்காலிக்கு வாருங்கள். நோட்டு விதியை எடுத்துவிடலாமா? எடுத்தால் இரண்டு பேர் ஒரே வரியில் எழுதி நோட்டு நாசமாகும். நோட்டு வைத்திருப்பவரை யாருமே எழுப்பக் கூடாது என்று சொல்லலாமா? அப்போது சின்னவர் எழுதும்போதெல்லாம், நோட்டே தேவைப்படாத அவசர வேலைகூடக் காத்துக் கிடக்கும். கலம் தரை இறங்கும் வேளையில் அப்படி நடந்தால் நினைத்துப் பாருங்கள். வானிலைப் பணியை நிரந்தரமாக மேலே உயர்த்திவிடலாமா? அதுவும் சரிப்படாது. பூட்டு தேவைப்படாத தன் நீண்ட கணக்கு வேலைகளுக்கெல்லாம் அது மற்றவர்களை எழுப்பிவிட ஆரம்பிக்கும்.

விடை இது. ஆறாம் ஆண்டுப் பிள்ளை சட்டையில் மாணவர் தலைவர் பேட்ஜ் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நோட்டு வேண்டும் என்று கேட்டு அது கிடைக்காத அந்த நொடியில், அவர் தம் பேட்ஜைக் கழற்றிச் சின்னவருக்குக் குத்திவிட வேண்டும். இப்போது சின்னவர்தான் எல்லாரிலும் பெரியவர். நான்காம் ஆண்டு எழுந்து வழிவிட வேண்டும். சின்னவர் உட்கார்ந்து வாக்கியத்தை முடிப்பார். முடித்த உடனே நோட்டும் பேட்ஜும் ஒருசேர ஆறாம் ஆண்டிடம் திரும்பிவிடும். சின்னவர் பழையபடி சின்னவர். பெரியவர் காத்திருந்தது அந்தப் பாதி வாக்கியத்துக்கு மட்டுமே.

இதற்கு முன்னுரிமை இரவல் முறை என்று சொல்லலாம். இதைக் கணிதமாக நிறுவிக் காட்டிய ஆய்வுக் கட்டுரை 1990 செப்டம்பரில் வந்தது. எழுதியவர்கள் மூன்று பேர்: லூயி ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹோஸ்கி. மூவரும் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து வேலை செய்தவர்கள். நடுப்பெயர் உங்களுக்கு நெருக்கமாகக் கேட்கிறதா? ராஜ்குமார் 1984-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்றவர். அமெரிக்கா போய் 1989-இல் முனைவர் பட்டம் வாங்கினார். பேட்ஜை இரவல் கொடுத்தால் ஒரு பணி அதிகபட்சம் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட முடியும் என்பதுதான் அந்தக் கட்டுரையின் பலம். சும்மா நன்றாக வேலை செய்கிறது என்று சொல்வது வேறு. இத்தனை மில்லிவிநாடிக்கு மேல் காத்திருக்கவே மாட்டாய் என்று எழுதிக் கொடுப்பது வேறு.

அந்தக் கட்டுரை வந்து ஏழு ஆண்டு கழித்துத்தான் பாத்ஃபைண்டர் செவ்வாயில் இறங்கியது. இன்னும் சொல்கிறேன் கேளுங்கள்: அந்த இரவல் வசதி விஎக்ஸ்வொர்க்ஸுக்குள் ஏற்கெனவே இருந்தது! ஒவ்வொரு பூட்டைச் செய்யும்போதும் இரவல் வேண்டுமா வேண்டாமா என்று தேர்ந்தெடுக்கலாம். கோளாறு செய்த அந்தப் பூட்டில் அது வேண்டாம் என்றிருந்தது. இரவல் பார்ப்பதற்குச் செயலிக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை பிடிக்கும் என்பதால் அப்படி.

ஆக, திருத்தம் என்பது ஒரே ஓர் அமைப்பை மாற்றுவது. ஆனால் 19 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் மாற்ற வேண்டும். அந்த அமைப்பை மாற்றினால் அதே வகைப் பூட்டுகள் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். வேறு எங்காவது புதுச் சிக்கல் கிளம்பாதா? வேகம் குறைந்து இன்னொரு தவணை தவறாதா? இயங்குதளத்தைச் செய்த நிறுவனத்திடம் பேசினார்கள், பூமியில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்கள். பிறகு முழு மென்பொருளையும் அனுப்பாமல், பழையதுக்கும் புதியதுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் ரேடியோவில் அனுப்பினார்கள். கலத்தில் இருந்த ஒரு நிரல் அதை வாங்கித் தன்னிடமுள்ள பிரதியைத் திருத்திக்கொண்டது. மறுதொடக்கம் நின்றது.

அந்த வானிலைப் பணி பிறகு என்ன அளந்தது என்று சொல்லாமல் விட்டால் பெண்டாங்காரர்கள் கோபித்துக்கொள்வீர்கள். பகலின் உச்சத்திலேயே வெப்பம் உறைநிலைக்குக் கீழே 10 டிகிரி சுற்றித்தான். விடியலுக்கு முன் உறைநிலைக்குக் கீழே 76 டிகிரி வரை இறங்கியது. தூசுச் சுழல்கள் கலத்தின் மேலேயே கடந்து போயின. கலம் 30 நாள், ஊர்தி 7 நாள் ஓடினால் போதும் என்றுதான் திட்டம். இரண்டும் 1997 செப்டம்பர் 27 வரை தகவல் அனுப்பின. கலம் மட்டும் 16,500 படங்களுக்கு மேல் பிடித்தது.

அந்த ஆண்டு டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் நிகழ்நேரக் கணினி அறிஞர்களின் மாநாடு. விண்ட் ரிவர் நிறுவனத்தின் டேவிட் வில்னர் மேடையேறி, செவ்வாயில் நடந்த கதையைச் சொன்னார். தீர்வைக் கண்டுபிடித்த மூன்று பேரும் அதே அரங்கில்தான் உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து நிற்கச் சொல்லி, எல்லாரும் அவர்களைப் பாராட்டினார்கள். காகிதத்தில் எழுதிய கணக்கு வேறொரு கிரகத்தில் வேலை செய்ததை உட்கார்ந்து கேட்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்!

ராஜ்குமார் அதோடு நிற்கவில்லை. ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடும் கார் பக்கம் போனார். 2007-இல் அமெரிக்காவில் நடந்த தானியங்கி கார்ப் போட்டியில் கார்னகி மெலன் குழுவின் 'பாஸ்' என்ற கார் முதலிடம் பெற்றது. அந்தக் குழுவில் அவரும் இருந்தார். ஓட்டுநர் இல்லாத காரில் பிரேக் போடும் பணி, பாட்டு மாற்றும் பணிக்குப் பின்னால் காத்திருந்தால் என்ன ஆகும் என்று அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்?

இதெல்லாம் அமெரிக்கக் கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். பாத்ஃபைண்டர் புறப்பட்ட அதே 1996-இல்தான் நம் கெடாவில் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. அங்கே இன்று செய்யப்படும் சில்லுகள் உலகத்துக் கார்களுக்கும் இயந்திரங்களுக்கும் போகின்றன. அலோர்ஸ்டாருக்கும் சுங்கைப்பட்டாணிக்கும் நடுவே நெல் வயல்களைக் கிழித்துக்கொண்டு மணிக்கு 140 கிலோமீட்டர் வரை ஓடும் மின்சார ரயிலைப் பார்த்திருப்பீர்கள். இப்படிப்பட்ட இயந்திரங்களுக்குள் தவணை தவறக் கூடாத கணினிகள் இருக்கின்றன. தவணையும் பூட்டும் எங்கே சேர்ந்திருக்கின்றனவோ அங்கே இந்தத் தலைகீழ் ஆபத்தும் உண்டு.

லினக்ஸ் என்ற இயங்குதளத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்குள் இருப்பது அதன் கெர்னல்தான். அதை நிகழ்நேர வேலைக்குத் தகுந்ததாக ஆக்க ஒரு சிறு குழு ஏறத்தாழ 20 ஆண்டு உழைத்தது. அவர்கள் செய்த பெரிய காரியங்களில் ஒன்று, கெர்னலுக்குள் இருக்கும் பெரும்பாலான பூட்டுகளைப் பேட்ஜ் இரவல் தெரிந்த பூட்டுகளாக மாற்றியது. கெர்னலுக்குள் ஆயிரக்கணக்கான இடங்களில் பூட்டுகள் உண்டு. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று இடறும். சின்னவர் இன்னொருவரின் நோட்டுக்காகக் காத்திருந்தால் பேட்ஜ் அவரிடமும் கைமாற வேண்டும், அவர் வேறொருவருக்காகக் காத்திருந்தால் அங்கேயும் போக வேண்டும். இந்தத் திருத்தங்களின் கடைசிப் பகுதி 2024-இல்தான் பொது லினக்ஸோடு சேர்ந்தது. அந்த ஆண்டு நவம்பரில் வெளியான 6.12 பதிப்பில் அது இருக்கிறது.

இனி உங்களுக்கு ஒரு புதிர். பேட்ஜ் இரவல் எல்லாச் சிக்கலையும் தீர்த்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள்.

மேசையில் இரண்டு நோட்டு, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். சின்னவர் சிவப்பு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறார். அந்த வாக்கியத்தை முடிக்க அவருக்கு இன்னும் சற்று நேரத்தில் நீல நோட்டும் தேவைப்படும். அதற்குள் ஆறாம் ஆண்டு வந்து நாற்காலியைப் பிடிக்கிறார். சும்மா கிடந்த நீல நோட்டை எடுத்து எழுதத் தொடங்குகிறார். பாதியில் அவருக்குச் சிவப்பு நோட்டு வேண்டும். அது சின்னவர் கையில். உடனே பேட்ஜைச் சின்னவருக்குக் கொடுக்கிறார். சின்னவர் உட்கார்கிறார், எழுதுகிறார், நீல நோட்டைக் கேட்கிறார். அது ஆறாம் ஆண்டின் கையில்! இவர் அவருக்காகவும் அவர் இவருக்காகவும் நாள் முழுக்க நிற்க வேண்டியதுதான். பேட்ஜ் எங்கே இருந்தாலும் பயனில்லை.

இந்த நிலை வரவே வராதபடி தடுக்க ஒரு புது விதி வேண்டும். ஷா, ராஜ்குமார், லெஹோஸ்கி மூவரும் அந்த 1990 கட்டுரையிலேயே இதற்கும் ஒரு விடை சொல்லியிருக்கிறார்கள். சின்னக் குறிப்பு தருகிறேன்: ஒரு நோட்டு சும்மா கிடக்கிறது என்பதற்காகவே அதை எடுக்க அனுமதித்துவிடக் கூடாது. எந்த நோட்டை இனி யார் யார் கேட்கக்கூடும் என்ற பட்டியல் முன்கூட்டியே ஆசிரியர் கையில் இருக்கட்டும். அதை வைத்து உங்கள் விதியை எழுதுங்கள், நண்பர்களை உட்கார வைத்து ஓட்டிப் பாருங்கள். நாற்காலி ஒரு தடவைகூட முடங்காத விதி கிடைத்ததும், அதை ஒரு பக்கத்துக்குள் தமிழில் எழுதி உங்கள் ஆசிரியர் வழியாக எங்களுக்கு அனுப்பி வையுங்கள். சரியான விதிகளை அடுத்த இதழில் அச்சிடுவோம்.